ஒட்டுப் படத்தில் ஒரு கோடு

இன்றைக்கும் அந்தக் கோடு வளைந்துதான் இருந்தது. கோகிலவாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், கணினித் திரையைத் துடைத்தாள், துடைத்த துணியை ஒருமுறை உதறிக்கூடப் பார்த்தாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள். கோடு கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதே இடத்தில் தொந்தியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அவள் கணவர் சென்னியப்பன் நாலாவது தடவையாக ஒட்டிக் கொடுத்த மின்னணுச் சில்லின் படம் இது. நேற்றுப் பகல் முழுக்க மாடியறையில் நுண்ணோக்கியோடு மல்லுக்கட்டிவிட்டு இறங்கி வந்து, "இந்தத் தடவை நூல் புடிச்சாப்பல இருக்கும் பாரு அம்மிணி" என்று சொல்லி, பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுத்தவர் மாதிரி பக்கத்திலேயே நின்றார். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்புறமாப் பாக்கறேனுங்க" என்று திரையை அணைத்துவிட்டாள். அந்த அப்புறம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, பீளமேட்டு வீடு முழுக்க வெங்காயம் வதங்குகிற வாசனை, அடுப்படியில் அவர், இங்கே இவள், நடுவில் இந்தக் கோடு. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றதால் பார்க்க வேண்டும், பிறகு மாற்றிப் பொத்திப் பார்க்க வேண்டும். எந்தக் குழந்தையும் விளையாட்டாகச் செய்கிற காரியம். அதை மட்டும் ஒரு வாரமாக அவள் செய்யவில்லை. படத்தைக் குறை சொன்னாள், திரையைக் குறை சொன்னாள், கண்ணாடிக் கடைக்காரனைத் திட்டினாள், வீட்டு மின்சாரத்தைக்கூட ஒருமுறை சந்தேகப்பட்டாள். கையை எடுத்து முகத்துக்கு நேராகக் கொண்டுபோக மட்டும் தைரியம் வரவில்லை. கொண்டுபோனாள் என்றால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது.

வேறு எதையாவது பார்ப்போம், படத்தின் இடது பக்கம் போவோம் என்று அவள் சுட்டியை நகர்த்தினாள். இடது பக்கம் அவளுக்குப் பிடித்த இடம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி எட்டுக் கட்டங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத சில்லை இத்தனை பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரு ஊர். சாலைகள், சந்துகள், முட்டுச்சந்துகள், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு மாதிரி வரிசை வரிசையாக நினைவகம். எட்டுக் கட்டங்கள் என்றால் விளையாட்டுத் திரையில் ஒரே வரிசையில் எட்டுப் பொம்மைகள் வரையலாம், ஒன்பதாவது வந்தால் காணாமல் போய்விடும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவள் அடுப்படி வரை ஓடிப்போய், "எட்டுங்க, எட்டே எட்டுத்தான்!" என்று கத்தினாள், அவர் தோசைக் கரண்டியோடு திரும்பி, "எட்டா? நான் பத்துக்கு மாவு ஊத்தியிருக்கறேன்" என்றார். இந்தச் சில்லு இருந்த விளையாட்டு இயந்திரத்தை வாங்கி வந்ததே அவர்தான். உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஸ்டெபிலைசர் என்று நினைத்து வாங்கி, வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டிக்கு எங்கே சொருகுவது என்று பின்பக்கமெல்லாம் தடவிக்கொண்டிருந்தார். இவள்தான் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, இது டிவியில் மாட்டி விளையாடுகிற சாமான், ரெண்டு வருஷம் விற்றுவிட்டு நின்றுபோன கம்பெனியுடையது, இதன் படம் வரைகிற சில்லு உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது, கம்பெனியும் இல்லை, காகிதமும் இல்லை என்று சொன்னாள். ஒருத்தருக்கும் தெரியாதா என்று அவர் கேட்டார். தெரியாது. அப்படீன்னா நாம பாத்துருவோம் என்றார், ஏதோ பக்கத்துத் தெரு காலிமனையைப் பார்த்துவிட்டு வருவோம் என்கிற மாதிரி. சில்லைப் பிடுங்கி, முகமூடி மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் அமிலத்தில் அவித்து மேல்தோலை உரித்தார். பக்கத்து வீட்டு சுலோசனாக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து என்ன சமையல் என்று கேட்டுவிட்டுப் போனாள். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்குக் கொஞ்சம் பெருமையே பட்டாள்.

ஆனால் இடது பக்கத்திலும் அது இருந்தது. இருக்கக் கூடாது. வளைவு வலது பக்கத்துக் கோட்டில் இருந்தது, அந்தக் கோடு இப்போது திரையிலேயே இல்லை, இருந்தும் மூன்றாவது கட்டத்தின் ஓரம் மெல்ல உப்பிக்கொண்டு வந்தது. அவள் நாலாவது கட்டத்தைப் பார்த்தாள், நாலாவது உப்பியது, மூன்றாவது நேராகிவிட்டது. பார்வையைச் சட்டென்று சன்னலுக்குத் திருப்பினாள். சன்னல் கம்பியைப் பார்க்கக் கூடாது என்று தோன்றி அதற்கும் முன்னால் தரைக்குத் திருப்பினாள். தரையில் ஓடுகள், ஓடுகளுக்கு நடுவே கோடுகள். இந்த வீட்டில் எங்கே பார்த்தாலும் கோடு, கட்டும்போது நான்தானே எல்லாம் நேராக இருக்க வேண்டும் என்று கொத்தனார் உயிரை வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் குளியலறைச் சுவரைப் பார்க்காமலே குளித்தாள். பார்க்காமல் குளிக்கிறோம் என்று தனக்கே தெரியாத மாதிரி நடித்துக்கொண்டு குளித்தாள். பெங்களூரில் சில்லு வடிவமைக்கிற கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அவள் முதல்நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: கோளாறு என்றால் மாற்றிப் போட்டுப் பார், சில்லை மாற்றினால் கோளாறும் கூடவே போகிறதா, இல்லை சோதிக்கிற இயந்திரத்திலேயே தங்கிவிடுகிறதா, எதோடு போகிறதோ அதில்தான் குற்றம். சோதனை இயந்திரத்தின் மேல் சந்தேகம் வராமல் நல்ல சில்லுகளாகத் தூக்கிக் குப்பையில் போட்ட பிள்ளைகளை அவள் என்னவெல்லாம் பேசியிருக்கிறாள்! இப்போது படத்தை மாற்றியாயிற்று, நாலு தடவை. திரையை மாற்றியாயிற்று, அவருடைய மடிக்கணினியில் போட்டுப் பார்த்தாயிற்று. கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தாயிற்று. மாற்றிப் போடாதது ஒன்றுதான் பாக்கி, அதை எங்கே போய் மாற்றுவது? பசி மயக்கமாக இருக்கும், இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை அல்லவா என்று அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். சமாதானம் கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவள் மறுபடி வலது பக்கம் போனாள், அந்தக் கோட்டுக்கே. போகாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் முழுச் சில்லிலும் இன்னும் விளங்காத இடம் அது ஒன்றுதான். எட்டுப் பொம்மைகளில் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று வந்தால் முன்னால் நிற்பது யார், பின்னால் மறைவது யார் என்று முடிவு செய்கிற இடம். கோடு வலப்புறமாக வந்து, பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற இரண்டு கம்பிகளில் ஒன்றைத் தொடுகிறது. மேல்கம்பியா, கீழ்க்கம்பியா? சரியாக அந்த இடத்தில் வயிறு தள்ளி, இரண்டுக்கும் நடுவே குழைந்து, பிடி கொடுக்காமல் நழுவுகிறது. போன வாரம் அவள் மேல்கம்பி என்று முடிவுகட்டி, உலகத்தின் பல மூலைகளில் இதே கிறுக்குப் பிடித்துத் திரிகிற நண்பர்களுக்கு எழுதிவிட்டாள். பிரேசிலில் இருக்கிற ஒரு பல் வைத்தியர் அதை வைத்துக் கணினியில் அந்த இயந்திரத்தைப் போலவே ஒரு நிரல் எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணிவாகப் பதில் எழுதினார்: எல்லாம் அருமை அம்மா, ஆனால் விளையாட்டில் வாள் வைத்திருக்கிற வீரன் மரத்துக்கு முன்னால் நிற்க வேண்டியவன், மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருக்கிறான், அவனுடைய தொப்பி மட்டும் தெரிகிறது. அதற்குத்தான் அவள் அவரிடம் போய், ஒட்டு சரியில்லைங்க, ரெண்டு படம் சேர்ற இடத்துல கோடு பிசகியிருக்குது என்றாள். சின்னச் சின்னதாக எடுத்த படங்களை ஓரத்தோடு ஓரம் பொருத்தி ஒரே படமாக ஒட்டுவது அவர் வேலை. மயிரிழை தவறினாலும் கோடு ஒடிந்துபோகும். அவர் படத்தைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எனக்கு நேராத்தான் தெரியுது. ஆனா நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி மாடி ஏறினார். இரண்டாவது தடவையும் ஏறினார். மூன்றாவது தடவையும் ஏறினார். மில் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷமாகப் பஞ்சு இழையின் முறுக்கைப் பார்த்தே எந்தச் சீமைப் பஞ்சு, எதில் எது கலந்திருக்கிறது என்று சொல்கிறவர், தன் கண்ணுக்குத் தெரிந்ததை நம்பாமல் அவள் சொன்னதை நம்பி ஏறினார். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இப்படித்தான். சில்லு என்றால் என்ன என்று கேட்டார், அவள் கோடு போட்டுக் காட்டினாள், ஒரு அட்சரம் புரிந்திருக்காது, ஆனால் அவ்வளவு கவனமாகக் கேட்டார். இவரையே கட்டிக்கொள்ளலாம் என்று அவள் முடிவு செய்தது அப்போதுதான். ஜாதகம் பார்த்தவர்கள் என்னவோ தாங்கள்தான் முடிவு செய்ததாக இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"உப்பு பாரு" என்று கரண்டி மூக்குக்கு நேராக வந்தது. அவர் வந்த சத்தமே கேட்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு, ஒரு கையில் கரண்டி, குழம்பு சிந்தாமல் மறு கையை அதற்கு அடியில் ஏந்திக்கொண்டு நின்றார். அவள் உறிஞ்சிப் பார்த்தாள். "சரியா இருக்குதுங்க." "காரம்?" "அதுவும் சரியா இருக்குது." "அப்படீன்னா எதோ தப்பா இருக்கோணுமே, நீ ஒரே வாட்டில சரின்னு சொல்ல மாட்டியே" என்று சிரித்தார். அவள் சிரிக்க முயன்றாள். அவர் திரையை எட்டிப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார். "இன்னும் வளைஞ்சுதான் இருக்குதா?" என்றார் மெதுவாக. "கொஞ்சமாட்டம்" என்றாள். கொஞ்சமாட்டமாம்! அவர் தலையாட்டிக்கொண்டார். கரண்டியை இடது கைக்கு மாற்றினார், வலது கையை நீட்டி விரல்களை விரித்து, ஏதோ கடையில் புதிதாக வாங்கி வந்த பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேன். சிரிக்கக் கூடாது. நாளைக்குச் சாயங்காலம் நரம்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கறேன்." "எதுக்குங்க?" "எங்கண்ணனுக்கு ஆரம்பிச்சதும் இப்படித்தான். மொதல்ல ஒண்ணும் தெரியலையாம், கையெழுத்து மட்டும் கோணிக்கிட்டுப் போச்சாம். இப்ப டம்ளரக்கூடப் புடிக்க முடியறதில்ல. நானும் நாலு தடவ எடுத்துட்டேன். மூச்ச அடக்கிட்டு, மைக்ராஸ்கோப்புத் திருகாணிய ஒவ்வொரு மரையாத் திருப்பி, ஒட்டறப்ப கண்ணுல எண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்தேன். அப்பவும் பிசகுதுன்னா என்ற கைதான் நடுங்குது, வேற என்ன?" என்றவர், அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "அட, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிக்கற? மாத்திர குடுப்பாங்க, சரியாப் போயிரும். கறி அடிப்புடிக்குது, இரு" என்று அடுப்படிக்குத் திரும்பிவிட்டார்.

டோக்கன் போட்டிருக்கிறார். எப்போது போட்டார், யாரிடம் கேட்டுப் போட்டார், இத்தனை நாள் அதை மனசில் வைத்துக்கொண்டா பக்கத்தில் படுத்துத் தூங்கினார்? தூங்கினாரா? புதன்கிழமை தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவர் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார், என்னங்க என்று கேட்டதற்குக் கொசு என்றார். கொசு என்று அவர் சொன்னால் கொசு என்று இவளும் திரும்பிப் படுத்துவிட்டாள். பெரியவர், அவருடைய அண்ணன், கல்யாண வீட்டில் பாயசத்தைச் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டு சுற்றிலும் பார்த்துச் சிரித்தாரே, இவர் ஓடிப்போய்த் துடைத்துவிட்டாரே. அந்தப் பயத்தை அவருக்குள் தூக்கி வைத்தது யார்? நான்தானே. ஒட்டு சரியில்லைங்க, ஒட்டு சரியில்லைங்க என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிச் சொல்லி. எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்வதற்குப் பதிலாக அதைச் சொன்னேன். எனக்கு வந்ததை எடுத்து அவர் தலையில் கட்டினேன், அவரும் வாங்கி வைத்துக்கொண்டார், அவருக்கு நான் எது கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம். சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் சொன்னால்? கண் என்று சொல்லிவிட்டால் வேலை என்னாவது, இந்தக் கோடுகளை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? ஊசியில் நூல் கோர்க்கிறது, பேருந்தின் ஊர்ப்பலகையைப் படிக்கிறது, அவர் மீசையில் ஒற்றை வெள்ளை முடியைக் கண்டுபிடித்துப் பிடுங்குகிறது, இதெல்லாம் என்னாவது? பார்வைக்கு நடுவில் ஒரு கறை விழுந்து, ஓரம் மட்டும் தெரிந்து, அவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவருடைய காதைப் பார்க்க வேண்டும் போலிருக்கும். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிற வகைகூட உண்டாம், இணையத்தில் பாதி படித்துவிட்டுப் பயந்து மூடிவிட்டாள். சீக்கிரம் காட்டுகிறவர்களுக்கு என்று ஆரம்பித்த வரியோடு மூடிவிட்டாள். நாளைக்குச் சொல்லலாமா? நாளைக்கு அவர் அந்த டாக்டர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டாக்டர் சுத்தியல் மாதிரி ஒன்றால் முட்டியில் தட்டிப் பார்ப்பார். ஒன்றுமில்லையே என்பார். இவர் நம்ப மாட்டார். இல்லைங்க டாக்டர், என்ற வீட்டுக்காரி பாத்துச் சொன்னா, அவ கண்ணு தப்பாது என்பார். இது மனசில் ஓடியதும் அவளுக்கு அழுகை வந்தது. வந்ததைத் துடைத்துக்கொள்ளாமல் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏனுங்க! அடுப்ப அணைச்சுட்டு இங்க வாங்க!" என்று கூப்பிட்டாள். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்துவிட்டது.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். "என்னாச்சு? ஏன் அழுகற?" "ஒண்ணும் கேக்காதீங்க. எனக்குப் பின்னால வந்து நில்லுங்க. உங்க கையால என்ற இடது கண்ணப் பொத்துங்க." அவர் வந்து நின்றார். உள்ளங்கை வந்து கண்ணை மூடியது. வெங்காயமும் மல்லித்தூளும் மணத்தன, கொஞ்சம் சூடாக இருந்தது. அவள் வலது கண்ணால் திரையைப் பார்த்தாள். கோடு நேராக இருந்தது. தொந்தியும் இல்லை, குழைவும் இல்லை, அவர் சொன்ன மாதிரியே நூல் பிடித்தாற்போல வந்து, மேல்கம்பிக்கு அடியில் புகுந்து, கீழ்க்கம்பியைத் தொட்டு நின்றது. கீழ்க்கம்பி. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். வீரன் மரத்துக்கு முன்னால் வந்துவிட்டான். இதற்காகவா மூன்று மாதம், இதற்காகவா நாலு ஒட்டு என்று ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமே வந்துவிட்டது, வெட்கம்கெட்ட சந்தோஷம். பிறகு, "இப்ப மாத்திப் பொத்துங்க" என்றாள்.

கை மாறியது. வலது கண் இருண்டது. எதிரே கோடு வில்லாக வளைந்து நின்றது, முன்னைவிட மோசமாக, நடுவில் காப்பி சிந்திய மாதிரி ஒரு மங்கல். அக்கம்பக்கத்துக் கோடுகளும் அதைச் சுற்றி ஒதுங்கி வழிவிட்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் பார்த்தாள். இமைமயிர் அவர் உள்ளங்கையில் உரசியது. அங்கே ஒரு துளி ஆட்டம் இருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"என்ன தெரியுது அம்மிணி?" என்றார். அவர் குரல்தான் நடுங்கியது.

"வளைஞ்சுதான் தெரியுதுங்க. இந்தக் கண்ணுல மட்டும். ஒரு வாரமாத் தெரியும், பயந்துக்கிட்டு உங்க ஒட்டு மேல பழியப் போட்டேன். நாளைக்கு அந்த டோக்கன் வேண்டாமுங்க, நாம கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம். உங்க கை ஆடவே இல்லீங்க."

அவர் கையை எடுக்கவில்லை. அது அவள் கண்மேல் அப்படியே, அசையாமல் இருந்தது.